நீரும் மின்சாரமும் நெருங்கிய வரலாறு



காகிதத்தால் செய்த கிண்ணம் ஒன்றில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, அதனை விளக்குச் சுடரின்மேல் பிடித்தால் என்ன நேரும்? ஆசிரியத் தொழிலில் இருந்த காலமெல்லாம், ஒவ்வொரு ஜூன் மாதத்திலும் புதிதாக வந்த வகுப்பைப் பார்த்து நான் கேட்ட முதற் கேள்வி இது. "எரிந்துவிடும், ஐயா" என்று பாதி வகுப்பு சொல்லும். மீதிப் பாதி, ஆசிரியர் இதில் ஏதோ சூது வைத்திருக்கிறார் என்று எண்ணி வாய் திறவாமல் இருக்கும். சுடர் காகிதத்தைத் தழுவிக்கொண்டு எரியும், தண்ணீர் சூடேறிக் கொதிக்கத் தொடங்கும், காகிதமோ தீப்பற்றுவதில்லை. காகிதம் பற்றி எரிவதற்கு 200 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். தண்ணீரோ 100 டிகிரியில் கொதித்துவிடுகிறது. காகிதத்துக்கு வந்து சேரும் வெப்பத்தை உடனுக்குடன் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்விடுவதால், அது எரியும் நிலையை எட்டுவதே இல்லை.

கணிப்பொறியைத் திரவத்தால் குளிர்விக்கும் முறையின் வரலாற்றை இன்று சொல்ல வந்திருக்கிறேன். அது பெரும்பாலும் இந்தக் காகிதக் கிண்ணத்தின் வரலாறேயாகும். ஆனால் கிண்ணத்தில் இல்லாத ஒரு சிக்கல் கணிப்பொறியில் உண்டு. அதன் உள்ளே ஓடுவது மின்சாரம். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று குழந்தைப் பருவம் முதல் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கணிப்பொறி அறை ஒன்று அமைத்தார்கள். அந்த அறையின் பொறுப்பு பௌதிக ஆசிரியனாகிய என் தலையில் வந்து விழுந்தது. ஒரு கோடை விடுமுறையில், குளிர்சாதனப் பெட்டியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டு, கீழே இருந்த கணிப்பொறி ஒன்றின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்திருக்கிறது. அதை அறியாமல் நான் சுவிட்சைப் போட்டேன். 'பட்' என்று ஓர் ஓசை, கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அன்று முதல் ஓய்வு பெறும் நாள் வரையில், தண்ணீர்ப் புட்டியோடு ஒரு மாணவனையும் அந்த அறைக்குள் நான் விட்டதில்லை. உலகத்தின் மிகப் பெரிய கணிப்பொறிகளுக்கு உள்ளே ஆறுபோலத் தண்ணீர் ஓடுகிறது என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது, என் கட்டளையை எண்ணிச் சிரிப்பும் வந்தது. அதைவிட வியப்பும் வந்தது. நான் அஞ்சிய அந்தச் சேர்க்கையை அவர்கள் எவ்வாறு சாதித்தார்கள்? அப்போது எழுந்த கேள்விதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது.

முதலில் வெப்பம் ஏன் வருகிறது என்பதைப் பார்ப்போம். மின்விசிறிக்குத் தரும் மின்சாரம் காற்றை அசைக்கிறது. நீர் இறைக்கும் பம்புக்குத் தருவது தண்ணீரை மேலேற்றுகிறது. கணிப்பொறிக்குத் தரும் மின்சாரமோ கணக்கைப் போட்டு முடித்தபின், ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. கணக்கின் விடைக்குள் மின்சாரம் எதுவும் தங்கிவிடுவதில்லை. ஆதலால், கணிப்பொறியைச் செய்கிறவன், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஓர் அடுப்பையும் சேர்த்தே செய்கிறான்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எக்கர்ட், மாக்லி என்னும் இருவரின் தலைமையில் உருவாகி, 1946-இல் உலகுக்குக் காட்டப்பட்ட 'எனியாக்' என்ற கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. நம் பாட்டனார் காலத்து ரேடியோவில் செந்நிறமாய் ஒளிர்ந்துகொண்டிருந்த அதே வகைக் கண்ணாடி வால்வுகள்தாம். அது உட்கொண்ட மின்சாரம் சுமார் 150 கிலோவாட். ஓர் அறைக்குள் நூற்றைம்பது மின்னடுப்புகளை ஒரே சமயத்தில் மூட்டினாற்போன்ற சூடு. பெரிய விசிறிகளை வைத்துக் காற்றை ஊதி அதனைச் சமாளித்தார்கள். அதே இருவரின் உழைப்பால் பின்னர் பிறந்து 1951-இல் விற்பனைக்கு வந்த 'யூனிவாக்' கணிப்பொறியில், ஊதும் காற்றைக் குளிரச் செய்வதற்குத் தண்ணீர் துணைக்கு வந்தது. ஆயினும் தண்ணீர் இன்னும் வாசற்படியிலேயே நின்றது, உள்ளே செல்லவில்லை.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்ததும் வெப்பச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஒரு டிரான்சிஸ்டர் ஒரு வால்வைவிட மிகச் சிறிதளவே சூடாகும் என்பது உண்மைதான். ஆனால் வேகத்தின்மேல் மனிதனுக்கு உள்ள ஆசை குறுக்கே வந்தது. இங்கே மாணவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒளி, ஒரு வினாடியை நூறு கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கில், சுமார் 30 சென்டிமீட்டர் தூரமே செல்லும். அதாவது, நீங்கள் பையில் வைத்திருக்கும் அடிக்கோலின் நீளம். கம்பியில் செல்லும் மின் குறிப்பு அதனினும் மெதுவாகவே செல்லும். எனவே, வேகமாகக் கணக்கிட வேண்டுமானால் கம்பிகளைக் குறுக்க வேண்டும். கம்பிகளைக் குறுக்க வேண்டுமானால் உறுப்புகளை நெருக்கி வைக்க வேண்டும். நெருக்கி வைத்தாலோ, சிறிய இடத்தில் பெரிய சூடு சேரும். காற்று நுழையவும் வழியிராது. வேகத்திற்கான விலை வெப்பம் என்பது அந்தத் துறையினருக்கு அறுபதுகளிலேயே தெளிவாகிவிட்டது.

இதனை மற்ற எவரினும் கூர்மையாக உணர்ந்தவர் சைமூர் கிரே. விஸ்கான்சின் மாநிலத்தின் சிப்பெவா ஃபால்ஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். 1964-இல் அவர் உருவாக்கிய 'சி.டி.சி. 6600' அக்காலத்தின் மிக வேகமான கணிப்பொறி. அதன் உள்ளே குழாய்களில் ஓடியது தண்ணீர் அன்று, ஃபிரியான். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் அந்நாளில் இருந்த அதே குடும்பத்துத் திரவம்.

ஃபிரியானின் பிறப்பைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பு, குளிர்பதனப் பெட்டிகளில் கந்தக டை ஆக்சைடும், அம்மோனியாவும், மெதில் குளோரைடும் இருந்தன. எல்லாம் நஞ்சு. குழாயில் கசிவு ஏற்பட்டால், உறங்குகிறவர்கள் உறக்கத்திலேயே மாண்டுபோவதும் உண்டு. எரியாத, நஞ்சில்லாத ஒரு பொருளைக் கண்டுபிடித்தவர் தாமஸ் மிட்ஜ்லி. 1930-இல் அமெரிக்க இரசாயனக் கழகத்தார் முன்னிலையில், அந்த வாயுவைத் தாமே மூச்சில் இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். மனிதனுக்குத் தீங்கில்லை, நெருப்புப் பிடிக்காது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் மெய்ப்பித்த செயல் அது. ஆசிரியர்களுக்கு இத்தகைய செய்முறை விளக்கம் மிகவும் பிடிக்கும். எனக்கும் பிடித்தே இருந்தது, அதன் பின்கதையை அறியும் வரையில். அதற்குப் பிறகு வருகிறேன்.

1976-இல் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக் கூடத்திற்குக் கிரேயின் புதிய கணிப்பொறி 'கிரே-1' வந்து சேர்ந்தது. மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'சி' எழுத்தைப் போன்ற வடிவம். சுற்றிலும் மெத்தை வைத்த திண்ணை போன்ற இருக்கை. அந்த வளைவு அழகிற்காக அமைந்தது அன்று. உள்ளே கம்பிகள் குறுகியிருப்பதற்காக அமைந்தது. எடை ஐந்து டன்னுக்கு மேல். மின்செலவு 115 கிலோவாட் அளவு. சுற்றுப் பலகைகளை முதுகோடு முதுகாக வைத்து, நடுவே ஒரு செப்புத் தகட்டை இட்டார்கள். தகடு வெப்பத்தை ஓரத்திற்குக் கொண்டுவரும். ஓரத்தில் துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் ஓடும் ஃபிரியான் அதனை வாங்கிச் செல்லும். கேட்பதற்கு எளிது. ஆனால் முதல் கணிப்பொறி ஆறு மாத காலம் தாமதமாயிற்று. காரணம் கணக்கிடும் பகுதியில் இல்லை. குழாய் வேலையில் இருந்தது. ஃபிரியானோடு கலந்து சென்ற மசகெண்ணெய் இணைப்புகளின் வழியே நுண்ணியதாகக் கசிந்து, பலகைகளின்மேல் படலமாகப் படிந்து, மின்குறுக்கு ஏற்படச் செய்தது. புதிய முறையில் பற்றவைக்கக் கற்றுக்கொண்ட பிறகே அது அடங்கிற்று. உலகின் அதிவேகக் கணிப்பொறி ஒரு குழாய்ப் பணியாளரின் கைத்திறனுக்காக அரையாண்டு காத்திருந்தது என்றால், தொழிற்கல்வியைத் தாழ்வாக எண்ணும் பெற்றோர்கள் அதைக் கேட்க வேண்டும்.

இதே காலத்தில் ஐ.பி.எம். நிறுவனம் வேறொரு வழியில் சென்றது. அவர்கள் தண்ணீரை நம்பினார்கள். ஆனால் அதனை மின்சுற்றின் அருகே விடவில்லை. 1964-இல் அறிவிக்கப்பட்ட அவர்களுடைய 'சிஸ்டம் 360' வரிசையின் 91-ஆம் மாதிரியிலேயே, பலகைகளுக்கு இடையிடையே செல்லும் காற்றைத் தண்ணீர்க் குழாய்கள் குளிர்வித்தன. 1980-இல் அறிவிக்கப்பட்ட '3081' என்ற மாதிரியில் அந்த எண்ணம் முதிர்ந்து ஓர் அரிய கருவியாயிற்று. நம் உள்ளங்கையளவு, ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் சதுரமான ஒரு பீங்கான் தகடு. அதன்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகள். ஒவ்வொரு சில்லின் முதுகையும் ஒரு சிறிய அலுமினிய உலக்கை, சுருள்வில்லின் உதவியால், மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும். இடைவெளிகளில் காற்றுக்குப் பதிலாக ஹீலியம் வாயு. காற்றைவிட ஐந்தாறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவது ஹீலியம் என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருக்கலாம். அனைத்தையும் மூடி முத்திரையிட்டு, மூடியின்மேல் தண்ணீர் ஓடும் தகட்டை வைத்தார்கள். சில்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே உலோகச் சுவர். சூடு மட்டும் சுவரைக் கடக்கும், ஈரம் கடக்காது. ஒரு பெட்டகத்திற்கு 300 வாட் வெப்பம் இவ்வாறு வெளியேற்றப்பட்டது.

கிரே இந்த எச்சரிக்கையை மறுபுறம் திருப்பிப் போட்டார். திரவத்தை மின்சுற்றிலிருந்து விலக்கி வைப்பதற்கு இத்தனை பாடுபடுவானேன்? மின்சாரம் கடத்தாத திரவம் ஒன்றிருந்தால், கணிப்பொறியையே அதற்குள் அமிழ்த்திவிடலாமே! அப்படிச் செய்ததுதான் 1985-இல் வெளிவந்த 'கிரே-2'. மார்பளவு உயரமே உள்ள வட்டக் கணிப்பொறி. உள்ளே, '3எம்' என்ற நிறுவனம் தயாரித்த 'ஃபுளூரினெர்ட்' என்னும் நிறமற்ற, மணமற்ற திரவம். அதற்குள் மின்னோட்டத்தோடு முழுகிக் கிடக்கும் பலகைகள். திரவம் வினாடிக்கு ஓர் அங்குல வேகத்தில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் கண்ணாடி போன்ற தொட்டிகளில் அது அருவியாகக் கொட்டுவதைப் பார்வையாளர்கள் காணலாம். 'குமிழிகள்' என்று அதற்குச் செல்லப்பெயரும் ஏற்பட்டது.

இந்த இனத் திரவத்தைப் பாதுகாப்பானது என்று எல்லோரும் நம்பியதற்குக் காரணம் இருந்தது. 1966-இல் லீலண்ட் கிளார்க்கும் கோலனும் ஆக்சிஜன் ஏற்றப்பட்ட ஃபுளூரோகார்பன் திரவத்துள் எலிகளை மூழ்கவைத்தார்கள். எலிகள் திரவத்தையே மூச்சாக இழுத்துக்கொண்டு உயிரோடிருந்தன! நுரையீரலுக்கே தீங்கு செய்யாத பொருள் என்றால், வேறு யாருக்கு என்ன தீங்கு செய்யும்?

செய்தது. லாரன்ஸ் லிவர்மோர் ஆராய்ச்சிக் கூடத்தில் கிரே-2 நெடுங்காலம் ஓடியபின், திரவத்தைச் சோதித்துப் பார்த்தபோது, அதில் ஒரு பகுதி சிதைந்து, பெர்ஃபுளூரோ ஐசோபியூட்டீன் என்ற பொருள் உண்டாகியிருந்தது தெரியவந்தது. அது கொடிய நஞ்சு. பின்னாளில் இரசாயன ஆயுதங்களைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கையின் பட்டியலிலேயே இடம்பெற்ற பொருள். அதனைப் பிடித்து அழிக்கும் வடிகட்டிகளைக் கணிப்பொறியோடு இணைக்க வேண்டியதாயிற்று. எலிக்குக் கொடுத்தது தூய திரவம். கணிப்பொறியில் இருந்தது பல காலம் சூட்டிலும் மின்சாரத்திலும் ஊறிய திரவம். இரண்டும் ஒன்றல்ல. சோதனைக் கூடத்தில் ஒரு நாளில் கிடைத்த விடை, பல்லாண்டு உபயோகத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று கருதியதில்தான் தவறு நேர்ந்தது.

இங்கே மிட்ஜ்லியின் மெழுகுவர்த்திக்குத் திரும்புவோம். கிரே-2 வெளிவந்த அதே 1985-இல், மே மாதத்தில், தென்துருவத்தின்மேல் ஓசோன் படலம் தேய்ந்துபோயிருப்பதை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். ஃபிரியான் வகைப் பொருள்கள் வானில் உயர்ந்து ஓசோனைச் சிதைக்கும் என்று 1974-இலேயே மொலினாவும் ரோலண்டும் எச்சரித்திருந்தார்கள். 1987-இல் மாண்ட்ரீல் நகரில் உலக நாடுகள் கூடி, அவற்றைப் படிப்படியாக நிறுத்த உடன்பட்டன. மனிதனின் நுரையீரலுக்குத் தீங்கில்லை என்று மிட்ஜ்லி காட்டியது பொய்யன்று. வானத்துக்குத் தீங்கில்லையா என்ற கேள்வியை அந்த மன்றத்தில் எவரும் கேட்கவில்லை.

இதனினும் துயரமான ஒரு நிகழ்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். அது கணிப்பொறியைப் பற்றியது அன்று, ஆயினும் இந்தப் பாடத்தோடு நேராகச் சேர்ந்தது. மின்மாற்றிகளை எண்ணெயில் அமிழ்த்திக் குளிர்விப்பது பழைய வழக்கம். தெருமுனைக் கம்பத்தில் நீங்கள் காணும் மின்மாற்றியின் உள்ளே இருப்பதும் எண்ணெய்தான். எண்ணெய் தீப்பிடிக்கும் என்பதற்காக, எரியாத பி.சி.பி. என்ற குளோரின் சேர்மங்களைப் பல நாடுகளில் சில வகை மின்மாற்றிகளில் ஊற்றினார்கள். நெருப்புக்கு அஞ்சாத அந்தத் திரவத்தை ஆலைகளிலும் வெப்பத்தைக் கொண்டுசெல்லும் திரவமாக உபயோகித்தார்கள். 1968-இல் மேற்கு ஜப்பானில் தவிட்டெண்ணெய் ஆலை ஒன்றில், எண்ணெயைச் சூடாக்கும் குழாயிலிருந்து அது கசிந்து எண்ணெயில் கலந்தது. அந்த எண்ணெயில் சமைத்து உண்டவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். தோலில் கட்டிகள், கண்களில் சீழ், கருவிலிருந்த குழந்தைகளுக்கும் பாதிப்பு. அமெரிக்காவில் 1979-இல் அதன் உற்பத்தி தடைசெய்யப்பட்டது. குழாயில் ஓடும் திரவத்தைத் தேர்ந்தெடுக்கிறவர், அது குழாய்க்குள்ளேயே என்றும் இருக்கும் என்று எண்ணித் தேர்ந்தெடுக்கலாகாது.

தொண்ணூறுகளில் இந்தச் சிக்கல் சிறிது காலம் ஓய்ந்தது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புதிய வகைச் சில்லுகள் வந்தன. ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளும் தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றுக்குத் திரும்பின. அந்த ஓய்வு நீடிக்கவில்லை.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கென்று செய்யப்படும் சில்லு ஒன்று 700 வாட்டும் அதற்கு மேலும் மின்சாரம் உட்கொள்கிறது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியும் அவ்வளவுதானே என்பீர்கள். இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு விரித்த கையளவு; சில்லின் முகமோ தீப்பெட்டியின் முகத்தில் பாதி. அந்தச் சிறு இடத்திலிருந்து அத்தனை சூட்டையும் ஓயாமல் அகற்ற வேண்டும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரை அதன்மேல் ஓடவிட்டால், தண்ணீரின் சூடு 10 டிகிரி ஏறும். 700 வாட்டும் போய்விடும். அதே வேலையை அதே பத்து டிகிரியில் காற்றைக்கொண்டு செய்ய வேண்டுமானால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,500 லிட்டர் காற்று வேண்டும். ஒரு குடத்தில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் எங்கே, ஓர் அறையின் மூலையை நிரப்பும் காற்று எங்கே! ஃபுளூரினெர்ட்டும் இந்தப் போட்டியில் தண்ணீருக்குப் பின்னால்தான் நிற்கிறது. அளவுக்கு அளவு, தண்ணீர் சுமப்பதில் பாதிச் சூட்டைக்கூட அது சுமப்பதில்லை.

ஆதலால் தண்ணீரே மீண்டும் வந்தது. 2008-இல் ஐ.பி.எம். 'பவர் 575' கணிப்பொறியில் சில்லின்மேல் நேராகச் செப்புத் தகட்டை வைத்துத் தண்ணீரை ஓடவிட்டது. 2010-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 'அக்வாசார்' என்ற கணிப்பொறி நிறுவப்பட்டது. அதில் விட்டது குளிர்ந்த நீர் அன்று. 60 டிகிரி வரை சூடான நீர்! சில்லு 80 டிகிரி அளவிலும் பழுதின்றி வேலை செய்யும். அதனினும் குறைந்த சூடுள்ள எதுவும் அதற்குக் குளிர்ச்சியே. வெளிவரும் வெந்நீர், பல்கலைக்கழகக் கட்டடங்களைக் குளிர்காலத்தில் சூடாக்கப் பயன்பட்டது. 2012-இல் மூனிச்சுக்கு அருகே கார்ஹிங்கில் 'சூப்பர்மக்' என்ற பெருங்கணிப்பொறியும் இந்த வெந்நீர் முறையையே மேற்கொண்டது.

சூடான நீரால் மற்றொரு நன்மையும் உண்டு. மழைக்காலத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தம்ளரின் புறத்தே முத்துமுத்தாக நீர் துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தம்ளர் ஓட்டை இல்லை. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த உலோகத்தின்மேல் படிகிறது. மிகக் குளிர்ந்த நீரைக் கணிப்பொறிக்குள் விட்டால், குழாய் சற்றும் கசியாமலே இவ்வாறு பலகை நனைந்துவிடும். வெந்நீர்க் குழாயில் பனித்துளி படியாது. அறையின் பனிநிலை வெப்பத்தைவிட நீர் எப்போதும் சூடாக இருக்க வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதிகளுள் ஒன்று.

தண்ணீரைப் பாதுகாப்பாக ஆள்வதற்கு வேறு சில விதிகளும் உண்டு. தூய நீர் மின்சாரத்தை மிகச் சிறிதளவே கடத்தும். கரைந்திருக்கும் உப்புகளே கடத்துகின்றன. ஆதலால் உப்பு நீக்கிய நீரை விடுகிறார்கள். ஆனால் உப்பில்லாத நீர் பசித்த வயிறு போன்றது. தொட்ட உலோகத்திலிருந்தெல்லாம் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். நாளடைவில் அதன் தூய்மை கெடும். செப்பும் அலுமினியமும் ஒரே நீரில் இருந்தால், வகுப்பில் நாம் செய்யும் வோல்ட்டா மின்கலமே குழாய்க்குள் அமைந்துவிடும். அலுமினியம் அரிபட்டுத் துளைவிடும். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் படியும் வழவழப்பு இங்கேயும் படிந்து, மயிரிழை போன்ற கால்வாய்களை அடைத்துவிடும். இவற்றைத் தடுக்க, அரிப்பைத் தடுக்கும் மருந்தும், பாசியைக் கொல்லும் மருந்தும், பல இடங்களில் கால் பங்கு கிளைக்காலும் சேர்க்கிறார்கள். வெளியிலிருந்து வரும் தண்ணீர் கணிப்பொறிக்குள் நேரே வருவதில்லை. நடுவே ஒரு வெப்பமாற்றி இருக்கிறது. உள்சுற்று நீர் வேறு, வெளிச்சுற்று நீர் வேறு.

எல்லாவற்றினும் எனக்குப் பிடித்த உபாயம் ஒன்று உண்டு. சில அமைப்புகளில் தண்ணீரைப் பம்பு தள்ளுவதில்லை, உறிஞ்சுகிறது. குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. எங்கேனும் துளை விழுந்தால் நீர் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். இளநீரில் வைத்து உறிஞ்சும் குழலில் சிறு வெடிப்பு இருந்தால், இளநீர் சட்டையில் சிந்தாமல் வெறும் காற்று வாய்க்கு வருகிறதல்லவா? அதே தத்துவந்தான். கசியாத குழாயைச் செய்ய முயன்று ஆறு மாதம் இழந்தவர்களுக்குப் பின்வந்தவர்கள், கசிந்தாலும் தீங்கில்லாத குழாயை எண்ணினார்கள்.

2022-இல் உலகின் முதலிடத்தைப் பெற்ற 'ஃபிரான்டியர்' கணிப்பொறி அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இருக்கிறது. அதன் மின்செலவு சுமார் 21 மெகாவாட். எனியாக்கைப் போல் நூற்று நாற்பது மடங்கு. முன்கூட்டிக் குளிர்விக்கப்படாத தண்ணீரை நிமிடத்துக்கு 6,000 காலன் வரை செலுத்தும் பம்புகள் அதற்கு உண்டு. அதே ஆண்டு மே மாதத்தில், நம் திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'பரம் பொருள்' என்ற பெருங்கணிப்பொறி திறந்துவைக்கப்பட்டது. அதிலும் திரவக் குளிர்விப்பே. கோடையில் கல்லும் காயும் ஊரில் காற்றை நம்பியிருப்பது கடினம் என்பதை அவ்வூரார்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அமிழ்த்தும் முறையும் மறைந்துவிடவில்லை. எண்ணெய் வகைத் திரவங்களில் கணிப்பொறிகளை முழுகவைக்கும் நிலையங்கள் பல இருக்கின்றன. ஆனால் ஃபுளூரின் சேர்ந்த திரவங்களின் நிலை வேறு. அவற்றுள் பெர்ஃபுளூரோகார்பன்கள் வானில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் தங்கிப் பூமியைச் சூடாக்குபவை. 1997-ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கையில் அவற்றின் பெயரும் சேர்க்கப்பட்டது. 2022 டிசம்பரில் 3எம் நிறுவனம், எளிதில் அழியாத ஃபுளூரின் சேர்மங்களின் தயாரிப்பை 2025 இறுதிக்குள் கைவிடுவதாக அறிவித்தது.

என் மகள் வயிற்றுப் பேரன் பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். சென்ற விடுமுறையில் தன் கணிப்பொறிக்குத் தண்ணீர்க் குழாய் அமைக்கப் போவதாகச் சொன்னான். "தாத்தா, உங்கள் கணிப்பொறி அறையில் தண்ணீரே கூடாது என்பீர்களாமே, அம்மா சொன்னாள்" என்று சிரித்தான். நான் ஒன்றும் மறுக்கவில்லை. செப்பும் அலுமினியமும் கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். முழுதும் செப்பு என்றான். குழாய்களை இணைத்துத் திரவத்தை நிரப்பியபின், கணிப்பொறிக்கு மின்சாரம் கொடுக்காமல், பம்பை மட்டும் தனியே ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பின் கீழும் வெள்ளைக் காகிதத்தை மடித்து வைத்தான். ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே ஓடிற்று. மறுநாள் காலையில் இருவருமாகக் கைவிளக்கை அடித்துப் பார்த்தோம். ஓர் இணைப்பின் கீழே மட்டும், காகிதத்தில் ஐம்பது காசு அளவுக்கு ஈரம் இருந்தது. அவன் மரையைக் கழற்றி, உள்ளிருந்த ரப்பர் வளையத்தைத் துடைத்து, மறுபடி இறுக்கினான்; புதுக் காகிதம் வைத்தான். இன்னும் ஒரு நாள் காத்திருந்தோம்.